பெல்ட்டின் மேல் ஒரு பாம்பு

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஒருவர் அசையாமல் படுத்திருக்கிறார். தலைமாட்டுப் பக்கம் ஒரு கன்வேயர் பெல்ட் நீண்டு கிடக்கிறது. அதன் மேல் ஒரு பாம்பு. விஷமற்றதுதான், ஆனால் உயிருள்ளது. அவர் விரலடியில் பொத்தான். ஒவ்வொரு முறையும் அவரே முடிவு செய்ய வேண்டும்: பாம்பை ஒரு படி பக்கத்தில் வரவைப்பதா, ஒரு படி தள்ளி அனுப்புவதா?

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஊரி நிலி, யாதின் தூதாய் குழுவினர் செய்த இந்தச் சோதனை 2010-இல் ‘நியூரான்’ ஆய்விதழில் வந்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று நாம் சொல்லி வைத்திருக்கிறோம். இவர்கள் அந்த நடுக்கத்தை மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்தார்கள். பயந்துகொண்டே ஒருவர் பாம்பைப் பக்கத்தில் இழுக்கும்போது நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டி, முன் சிங்குலேட் புறணியின் கீழ்ப்பகுதி சுறுசுறுப்பாகிறது. பயம் கூடக்கூட அந்தச் சுறுசுறுப்பும் கூடுகிறது. பயத்துக்குப் பணிந்து பாம்பைத் தள்ளி அனுப்பும்போது அப்படி நடப்பதில்லை. இன்னொரு விஷயம் எனக்கு வேடிக்கையாகவே இருந்தது. வாய் சொல்லும் பயத்தையும் உடம்பின் வியர்வை காட்டும் பதற்றத்தையும் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஆள் பின்வாங்குகிறார். ஒன்று ஏறி மற்றது அடங்கியிருந்தால் பாம்பு பக்கத்தில் வந்துவிடுகிறது. முழு அமைதி தேவைப்படவில்லை, பாதி அமைதி போதுமாக இருந்தது.

பாம்பைக் கண்டு பயமே இல்லாத ஒருவர் அதை இழுத்தால் அங்கே தைரியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பாம்பாட்டிக்கு அது வேலை.

எனக்கு அந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது பொத்தான்தான். பெல்ட்டை ஓட்டுபவர் படுத்திருப்பவரேதான். பொத்தானைப் பிடுங்கிக்கொண்டு, பாம்பு தன் போக்கில் வந்து போகும்படி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த அத்தியாயம் முழுக்க நான் கேட்கப்போவது அந்த ஒரு கேள்வியைத்தான். கேட்பதற்கு நான் தேர்ந்தெடுத்த இடத்தில் கன்வேயர் பெல்ட்டுக்குப் பஞ்சமில்லை.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே இறங்கினால் வல்லம் வடகால், ஒரகடம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-இல் நோக்கியா. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்ட். கார் ஆலைகளில் பெரும்பாலும் ஆண்கள். போன் கூட்டும் ஆலைகளின் லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கமிருந்து பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த கையோடு வந்தவர்கள். பலருக்கு அதற்கு முன் ஒரு ராத்திரிகூட வீட்டுக்கு வெளியே தனியாகத் தங்கிப் பழக்கமிருக்காது. பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட வந்த அப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “தைரியமா இரு பாப்பா.”

வந்தவர்களிடம் முதல் வாரம் எப்படிப் போனது என்று கேட்டுப் பாருங்கள். பலரும் வேலையைப் பற்றி ஆரம்பிக்க மாட்டார்கள். குளிரைச் சொல்வார்கள். மின்னணுப் பொருள் கூட்டும் தளம் நாள் முழுக்க ஏசியில் இருக்கும். தொப்பி, கோட்டு எல்லாம் போட்டும் விரல் விறைக்கும்.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இன்று மேடைப் பேச்சாளர்கள் எல்லோரும் ‘கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வா’ என்கிறார்களே, அந்தச் சொல் புழங்கத் தொடங்கியதே ஏசிக்காரர்களிடம்தான். 1923-இல் அமெரிக்காவின் வெப்ப–காற்றோட்டப் பொறியாளர் சங்கத்துக்காக ஹௌட்டன், யாக்ளோக்ளு என்ற இருவர், எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில் மனிதர் சௌகரியமாக உணர்கிறார் என்று அளந்து ஒரு வரைபடம் போட்டார்கள். அந்த எல்லைக்குள் இருப்பதுதான் கம்ஃபர்ட் ஸோன். மனத்தைப் பற்றிய பேச்சுக்கு அது வந்து சேர்ந்தது பிறகு.

கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்புகளில் ஒரு படம் அடிக்கடி தலைகாட்டும். குடை கவிழ்த்தது போல ஒரு வளைவு. அழுத்தம் குறைவாக இருந்தால் சோம்பல், நடுவில் உச்சத் திறமை, மிஞ்சினால் சரிவு. கீழே ‘யெர்க்ஸ்–டாட்சன், 1908’ என்று போட்டிருக்கும். அவ்விருவரும் மனிதரை வைத்துச் சோதனை செய்யவே இல்லை. வட்டமடித்துச் சுற்றும் ஒருவகை ஜப்பானிய எலிகளுக்கு, வெள்ளைப் பெட்டி எது கறுப்புப் பெட்டி எது என்று மின்சார ஷாக் கொடுத்துக் கற்பித்தார்கள். வேறுபாடு கண்டுபிடிக்க எளிதாக இருந்தபோது ஷாக் கூடக்கூட எலி வேகமாகக் கற்றது. கடினமாக இருந்தபோதுதான் நடுத்தர ஷாக் நன்றாக வேலை செய்தது. இதை இழுத்து நீட்டி, டார்கெட்டை ஏற்றினால் ஆள் வளருவான் என்று சொல்வதற்கு ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

நான் நீச்சல் பழகியது ஊர்க் கிணற்றில். மாமா இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, “ம், குதிடா” என்பார். தண்ணீர் குடித்து, மூக்கில் ஏறி, அலறியிருக்கிறேன். கயிறு இறுகும், தலை மேலே வரும், மறுபடி தளரும். ஒரு வாரத்தில் கயிறு தளர்ந்தே கிடந்தது. ‘தூக்கிப் போட்டா நீச்சல் தானா வரும்’ என்பது திண்ணைப் பேச்சு. என் வகுப்பில் படித்த ஒருவனை அவன் அண்ணன் அப்படித்தான் கயிறில்லாமல் தூக்கிப் போட்டான். தண்ணீர் இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர்தான், கிணறும் ஒரே கிணறுதான். அவன் அதன் பிறகு கிணற்று மேட்டுக்கே வரவில்லை.

இந்த வித்தியாசத்தை ஆய்வுக்கூடத்தில் பிடித்தவர் ஸ்டீவன் மையர். கதை 1967-இல் தொடங்குகிறது. மார்ட்டின் செலிக்மனும் மையரும் நாய்களுக்குத் தவிர்க்க முடியாத ஷாக் கொடுத்தார்கள். பிறகு அதே நாய்களைத் தப்பிக்க வழியுள்ள பெட்டியில் விட்டார்கள். ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் போதும். பல நாய்கள் தாண்டவில்லை, படுத்துக்கொண்டு ஷாக்கை வாங்கிக்கொண்டன. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துவிட்ட சோதனை அது. இன்றைக்குப் படித்தாலும் வயிற்றைப் பிசையும்.

மையர் அதோடு விடவில்லை. பின்னாளில் மூளையைப் படிக்கும் அறிவியலுக்கு மாறி, கொலராடோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து அதே கேள்வியைத் தோண்டினார். இரண்டு எலிகள். இரண்டின் வாலிலும் மின்முனை, இரண்டுக்கும் முன்னால் ஒரு குட்டிச் சக்கரம். ஷாக் வந்ததும் முதல் எலி சக்கரத்தைத் திருப்பினால் ஷாக் நிற்கும். இரண்டாவது எலியின் சக்கரம் சும்மா, எதோடும் இணைப்பில்லை. ஆனால் முதல் எலி எப்போது நிறுத்துகிறதோ அப்போது இரண்டாவதுக்கும் நின்றுவிடும். ஆகவே இரண்டும் வாங்கியது இம்மி பிசகாமல் ஒரே அளவு வலி. மறுநாள் சோதித்தால் முதல் எலி, ஷாக்கே வாங்காத எலியைப் போல நடமாடுகிறது. இரண்டாவது ஒடுங்கிக்கொள்கிறது, தப்பிக்கும் வழியைக் கற்க முடியாமல் திணறுகிறது.

2005-இல் மையர் குழு இதன் உள்வேலையை வெளியிட்டது. மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்று ஒரு சிறு நரம்புக்கூட்டம் உண்டு. செரடோனின் என்ற வேதிப்பொருளை அனுப்பும் இடம். ஷாக் வந்ததும் அது இரண்டு எலிகளிலும் விழிக்கப் பார்க்கிறது. முதல் எலியின் முன்மூளையில் ஒரு பகுதி, ‘என் கையால் இது நிற்கிறது’ என்பதைக் கண்டுகொண்டு, கீழே உள்ள அந்தக் கூட்டத்தை அடக்கிவிடுகிறது. இரண்டாவது எலியில் அப்படி அடக்க ஆள் வருவதில்லை. 2016-இல், ஐம்பது ஆண்டு ஆய்வைத் திரும்பிப் பார்த்து எழுதிய கட்டுரையில் மையரும் செலிக்மனும் தங்கள் பழைய கோட்பாட்டைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். ஒடுங்கிப்போவதைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை, நீடித்த துன்பத்துக்கு உடம்பின் பிறவிப் பதிலே அதுதான். கற்றுக்கொள்ள வேண்டியது ‘என் கைக்கும் பலன் உண்டு’ என்பதைத்தான். தம் பெயரை நிலைநாட்டிய கருத்தைத் தாமே கவிழ்த்துப் போடும் விஞ்ஞானிகள் அதிகமில்லை. பாம்பை இழுத்தவர்களின் வரிசையில் இவர்களையும் சேர்க்கலாம்.

எனக்கு இதில் பெரிய செய்தியாகப் படுவது வேறொன்று. சக்கரம் வேலை செய்யும் பெட்டியில் முதலில் இருந்துவிட்டு வந்த எலியை, ஒரு வாரம் கழித்து, சக்கரம் வேலை செய்யாத பெட்டியில் போட்டார்கள். அது ஒடுங்கவில்லை. கட்டுப்பாடு இல்லாத துன்பத்தையும், கட்டுப்பாடு இருப்பது போலவே தாங்கியது. ஒரு முறை பலித்த கை, அடுத்த முறை பலிக்காத இடத்திலும் மூளையைக் காக்கிறது. அம்மைத் தடுப்பூசி மாதிரி. ஸ்டான்ஃபோர்டில் கேரன் பார்க்கரும் டேவிட் லயன்ஸும் அணில் குரங்குக் குட்டிகளிடம் கண்டதும் இந்த வழியில்தான் போகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் பத்து வாரம் குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, பிறகு தாயிடமே சேர்த்தார்கள். அந்தக் குட்டிகள் பின்னாளில் புது இடத்தில் மற்றவற்றைவிடக் குறைவாகப் பதறின. கவனியுங்கள், ஒரு மணி நேரம், பிறகு தாய்.

இப்போது லைனுக்குப் போவோம்.

ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு முதல் மூன்று மாதத்தில் எத்தனை சக்கரங்கள் கைக்கு வருகின்றன! விடிவதற்கு முன் இருட்டில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறாள். ஏடிஎம்மில் தன் பெயரில் விழுந்த சம்பளத்தைத் தானே எடுக்கிறாள். அதில் வீட்டுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறாள். நுணுக்கி ஸ்க்ரூ போடப் பழகி, பக்கத்து ஸ்டேஷன் வேலையும் கற்று, புதிதாக வந்தவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஹிந்தி பேசும் ரூம்மேட்டிடம் அரைகுறையாகச் சண்டை போடுகிறாள். இவை எதுவும் சொகுசான காரியம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் அவள் திருப்பினால் ஏதோ ஒன்று நிற்கிறது, அல்லது நகர்கிறது. ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போகும்போது பேச்சு மாறியிருக்கிறது என்று அம்மா சொல்வது இதைத்தான்.

இணைப்பில்லாத சக்கரங்களும் அதே கட்டடத்துக்குள் இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை உருப்படி என்ற டார்கெட், அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட், கழிவறைக்குப் போக எப்போது ஆள் மாற்றிவிடுவார்கள், கான்ட்ராக்ட் நீளுமா நீளாதா. இவற்றில் எதையும் அவள் திருப்ப முடியாது. ராபர்ட் கராசெக் 1979-இல் ஸ்வீடன், அமெரிக்கத் தொழிலாளர்களின் தகவல்களை வைத்து எழுதியது இதையொட்டியதுதான். வேலை கடினமாக இருப்பது மட்டும் ஆளை நசுக்குவதில்லை. கடினமும் அதிகம், தீர்மானிக்கும் உரிமையும் குறைவு என்ற கூட்டுதான் நசுக்குகிறது. கடினமும் உரிமையும் சேர்ந்து இருந்தால் அதே வேலையில் ஆள் வளர்கிறார். டொயோட்டா ஆலைகள் பலவற்றில் லைனை ஒட்டி ஒரு கயிறு தொங்கும். கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம், தீராவிட்டால் லைன் நிற்கும். தரத்துக்காக வந்த ஏற்பாடு அது. என் கண்ணுக்கு அது மாமாவின் தாம்புக்கயிறாகவும் தெரிகிறது.

கஷ்டப்பட்டால் தன்னால் உரம் ஏறும் என்பவர்களுக்கு, இதே நெடுஞ்சாலையின் மறுமுனையிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. பெங்களூருவின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழுவினர் எலிகளைத் தினம் இரண்டு மணி நேரம் அசைய முடியாமல் கட்டிவைத்தார்கள், பத்து நாள். நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. பயத்துக்கு ஆதாரமான அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. 2002-இல் வந்த முடிவு இது. 2004-இல் அடுத்தது வந்தது. மூன்று வாரம் ஓய்வு கொடுத்த பிறகும் அமிக்டலாவில் வளர்ந்தது வளர்ந்தபடியே இருந்தது, எலியின் பதற்றமும் குறையவில்லை. ஓயாத, தப்பிக்க வழியில்லாத துன்பமும் மூளையில் ஒன்றை வளர்க்கத்தான் செய்கிறது. அது பயத்தின் தசை.

மனிதரிடம் இதை அப்படியே சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. மார்க் சீரி 2010-இல் 2,398 அமெரிக்கர்களிடம் வாழ்நாளில் பட்ட கஷ்டங்களைக் கேட்டுக் கணக்கிட்டார். நிறையப் பட்டவர்களைவிடவும், எதுவுமே படாதவர்களைவிடவும், கொஞ்சம் பட்டவர்கள் மனநலத்தில் மேலாக இருந்தார்கள். இந்த ஆய்வைக் காட்டிப் பேசுபவர்கள் ‘எதுவுமே படாதவர்கள்’ பகுதியை உரக்கப் படித்துவிட்டு, ‘நிறையப் பட்டவர்கள்’ பகுதியில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. வரி வழக்கு, மைக்ரோசாஃப்ட் கைமாற்றம், சந்தை வீழ்ச்சி என்று காரணங்கள் லைனில் நின்றவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. முழுக்க முழுக்க இணைப்பில்லாத சக்கரம். அதற்கு முந்தைய ஆண்டு, ஆய்வாளர் மதுமிதா தத்தா நோக்கியாவில் வேலை பார்த்த சில பெண்களோடு காஞ்சிபுரத்தில் அவர்களுடைய வாடகை அறையில் உட்கார்ந்து பேசியிருந்தார். அந்தப் பேச்சு ‘மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்’ என்று ஒலிப்பதிவாகவும், 2021-இல் புத்தகமாகவும் வந்தது. வேலை, கல்யாணம், காதல், சாதி, சிநேகம் என்று பேச்சு ஓடுகிறது. உழைப்பின் துயரத்தைத் தேடி உள்ளே போகிற வாசகருக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்த அறையில் சிரிப்பு அதிகம்.

அந்த அறையை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. ஜேம்ஸ் கோன் 2006-இல் 16 மணமான பெண்களை ஸ்கேனரில் படுக்கவைத்து, கணுக்காலில் ஷாக் வரக்கூடும் என்று எச்சரித்தார். தனியாக இருந்தபோது மூளையின் அபாயப் பகுதிகள் கொதித்தன. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் அடங்கின. கணவர் பிடித்தபோது அதைவிட அடங்கின, தாம்பத்தியம் நன்றாக இருந்தவர்களிடம் இன்னும் அதிகமாக. கூட இருப்பவர் யார் என்பதையும் மூளை கணக்கில் சேர்க்கிறது. ஹாஸ்டலில் ஆறேழு மாதம் ஒன்றாகப் படுத்தெழுந்தவர்களை நிர்வாகம் ரூம் ரூமாக மாற்றும்போது, கலைவது படுக்கை மட்டும்தானா என்று யாரும் கேட்பதில்லை.

2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் கூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமானது. 250 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது பொய் என்று அதிகாரிகள் சொன்னார்கள், நம்ப ஆளில்லை. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மார்கழிப் பனியில் இரவு முழுக்க உட்கார்ந்து, மறுநாளும் எழவில்லை. போலீஸ் இருந்தது, கேமரா இருந்தது, ஊரில் டிவி பார்க்கும் அப்பா இருந்தார், கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்ட் இருந்தது. பயம் இல்லாமலா இருந்திருக்கும்? அந்த இரவு யாரும் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்யவில்லை. ஆகவே நான் சொல்லப்போவது அறிவியல் முடிவு ஆகாது, என் வாசிப்பு. மோசமான சாப்பாட்டையும் நெருக்கடியான அறையையும் சகித்துச் சகித்து வந்த உறுதி இது என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சகித்தது அவர்களை ஒடுக்கியிருக்கத்தான் வேண்டும். தன் சம்பளம், தன் பஸ், தன் ரூம்மேட் என்று சின்னச் சின்னச் சக்கரங்கள் பலித்துப் பழகிய கைகள், அன்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பெரிய சக்கரத்தில் வைக்கப்பட்டன.

அது திரும்பியது. டிசம்பர் 29 அன்று, சில விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தன் தரத்துக்கு எட்டவில்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மறுபடி திறந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாயில் கட்டிய சிப்காட் விடுதியை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 18,720 பெண்கள் தங்கும் இடம் அது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது அந்தப் பக்கம் பெட்டியோடு கிளம்பினால், ‘தைரியமா இரு’ என்று சொல்லும் அதே மூச்சில் ரூமில் கூட யார் யார் என்று கேளுங்கள். அவர்களில் ஒருத்தியின் போன் நம்பரையும் வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.